இறைவனுக்கே என்றால்…

2009 பிப்ரவரி 22. 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்துக்காக 2 ஆஸ்கர் பெற்ற ஏ.ஆர்.ரஹ்மான், மேடையில் தமிழில் சொன்னார்: "எல்லாப் புகழும் இறைவனுக்கே."

ஆனால் புகழ் இறைவனுக்கு என்றால், புறக்கணிப்பு யாருக்கு?

மெல்லிசை மன்னர் எம்.எஸ்.விஸ்வநாதன் தேசிய விருதோ பத்ம விருதோ பெறாமலே 2015 ஜூலை 14 அன்று மறைந்தார். அந்தப் புறக்கணிப்பை இறைவன் கணக்கில் எழுதுவது தகாது; அது தேர்வுக்குழுக்களின் பிழை. பலனில் பற்று வைக்காதே என்று கீதை சொல்வது உழைப்பவனுக்கு. மதிப்பிடும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு அது விலக்கு அளிக்கவில்லை.

தமிழ்நாட்டு அரசு விழாக்களில் தமிழ்த்தாய் வாழ்த்து ஒலிக்கிறது. அரங்கமே எழுந்து நிற்கிறது. மெட்டு, விஸ்வநாதனுடையது.