முற்றத்தில் பெய்யும் மழை

இயற்கையோடு இயைந்த வீடு எது என்ற கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது: இயற்கை மனிதன் பார்க்கிற பொருளா, அவன் இருக்கிற இடமா? வீடு கட்டுகிற எவரும் தெரிந்தோ தெரியாமலோ இதற்கு ஒரு விடை சொல்லிவிடுகிறார்.

பார்க்கிற பொருள் என்ற விடையின் உச்சம், அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ 1951இல் கட்டி முடித்த ஃபார்ன்ஸ்வொர்த் இல்லம். நான்கு பக்கமும் தரை முதல் கூரை வரை கண்ணாடி. மரங்களும் ஆறும் எந்நேரமும் கண்ணெதிரே. அழகில் குறை சொல்ல முடியாத வீடு. ஆனால் கோடையில் உள்ளே புழுங்கித் தள்ளியது. 1954இல் ஃபாக்ஸ் ஆறு பெருகி வீட்டுக்குள்ளேயே புகுந்தது. கண்ணாடி காட்சியை மட்டுமே உள்ளே விட்டது. வெயிலையும் வெள்ளத்தையும் அது கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

மற்ற விடைக்கு மெய்யியல் அடிப்படை தந்தவர் ஜப்பானிய அறிஞர் வாட்சுஜி டெட்சுரோ. 1927இல் ஜெர்மனியில் இருந்தபோது, அப்போதுதான் வெளிவந்திருந்த, ஜெர்மன் மெய்யியலாளர் ஹைடெக்கரின் ‘இருத்தலும் காலமும்’ நூலைப் படித்தார். மனித இருப்பைக் காலத்தைக் கொண்டு விளக்கும் அந்நூல், இடத்துக்கு அதே அளவு முக்கியத்துவம் தரவில்லை என்று அவருக்குப் பட்டது. அந்தக் குறையை நிரப்ப அவர் 1935இல் வெளியிட்ட நூல் ‘ஃபூடோ’. காற்றும் மண்ணும் என்பது அச்சொல்லின் பொருள்.

அதில் அவர் எடுத்துக்கொள்ளும் சான்று குளிர். குளிர் என்ற ஒன்று வெளியே தனியாக இருந்து, பிறகு வந்து உடலைத் தொடுவதில்லை. குளிர்கிறது என்று உணரும்போதே மனிதன் குளிருக்குள் நிற்கிறான். தோளைக் குறுக்குவது, கனத்த உடை உடுத்துவது, முதியவர்களை நெருப்பருகே அமர்த்துவது எல்லாம் அவன் தன்னையே அறிகிற வழிகள். வீடு கட்டும் முறையும் அவற்றில் ஒன்று. தட்பவெப்பத்தை வைத்து மக்களின் குணத்தையே வகுக்க வாட்சுஜி முயன்றது மிகை. குளிர் பற்றிய வாதம் அதனால் வலுவிழப்பதில்லை.

இந்த வாதத்தைக் கல்லில் வடித்ததுபோல் காணக் கிடைக்கும் வீடு ஒசாகாவின் சுமியோஷியில் இருக்கிறது. ஜப்பானியக் கட்டடக் கலைஞர் டடாவோ ஆண்டோ 1976இல் கட்டியது. நெருக்கியடித்த பழைய மர வீடுகளின் வரிசையில் ஒன்றை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு கான்கிரீட் பெட்டியை வைத்தார். தெருப்பக்கம் வாசல் உண்டு, ஜன்னல் இல்லை. ஏறத்தாழ 57 சதுர மீட்டர்தான் மனை. அதில் எழுப்பிய வீட்டை மூன்றாகப் பிரித்து, நடுப்பகுதியை வானத்துக்கே விட்டுவிட்டார். கீழே முன்புறம் கூடம், பின்புறம் சமையலறையும் குளியலறையும். மேலே இரண்டு படுக்கையறைகள், இடையே ஒரு பாலம். நள்ளிரவில் கழிப்பறைக்குப் போக வேண்டுமானாலும் திறந்தவெளிப் படியில் இறங்கி முற்றத்தைக் கடக்க வேண்டும். மழையென்றால் கையில் குடை. முற்றத்தில் தோட்டம் கிடையாது. வெறும் சுவரில் வெயில் இறங்கி நகர்வதும், காற்றும், மழையும்தான் அங்குள்ள இயற்கை.

ஜப்பானின் பழைய நகர வீடுகளிலும் செட்டிநாட்டு வீடுகளிலும் முற்றம் உண்டு. செட்டிநாட்டில் தாழ்வாரம் வழியாக நனையாமல் சுற்றி வரலாம். ஆண்டோ அந்தத் தாழ்வாரத்தையும் தரவில்லை.

வீடு என்பதே ஒதுங்க ஓர் இடம். முதியவரும் நோயாளியும் இப்படி வாழ முடியுமா என்ற மறுப்பு எழுகிறது. நியாயமான மறுப்பு. எல்லா வீடும் இப்படி இருக்க வேண்டியதில்லை. ஆனால் இங்கும் ஒவ்வோர் அறைக்கும் கூரை இருக்கிறது, ஒதுங்க இடம் இருக்கிறது. மறுக்கப்படுவது ஒன்றுதான்: வெளியே என்ன வானிலை என்று அறியாமலே ஒரு நாளைக் கழித்துவிடும் வசதி. இயற்கையோடு வாழ்வது என்ற சொல்லுக்குப் பொருள் இருக்க வேண்டுமானால், அதன் சிரமத்தில் ஒரு பங்கையாவது ஏற்கத்தான் வேண்டும்.

அந்த வீட்டைக் கட்டச் சொன்னவர்கள் அதை விட்டுப் போகவில்லை. பல பத்தாண்டுகள் அங்கேயே வாழ்ந்தார்கள்.