துயரும் விளம்பரமும்
2024 மே 5இல் மலேசியாவின் கோத்தா டாமன்சாராவில் சிலாங்கூர் கால்பந்து அணி வீரர் பைசால் ஹாலிம் மீது அமிலம் வீசப்பட்டது. நான்காம் நிலைத் தீக்காயங்கள். அவ்வாண்டு ஜனவரியில்தான் ஆசியக் கிண்ணத்தில் தென்கொரியக் கோல்காவலரை ஏமாற்றி, குறுகிய கோணத்திலிருந்து கோல் அடித்திருந்தார். சில மாதங்களில் அவர் திடலுக்குத் திரும்பியது பெருமைக்குரியது. அந்த வேதனையை அணி தன் விளம்பரமாக்கலாமா என்பது அறக்கேள்வி. தமிழ் ரசிகருக்குப் பழக்கமான திருக்குறள், தீங்கு பயக்காத சொல்லையே வாய்மை என்கிறது. தழும்பைக் காட்டும் படம் பொய்யன்று. ஆனால் அவர் மனம் நோகக் காட்டினால் வாய்மையும் அன்று. முற்றிலும் மறைத்தாலோ குற்றமே மறந்துபோகும். ஆகவே எதை, எப்போது சொல்வதென்று முடிவெடுக்கும் உரிமை முதலில் காயம்பட்டவருக்கே; அணியின் ஊடகப் பிரிவு அதன் பிறகுதான்.