யாயீர் வீட்டுச் சாப்பாடு



யாயீருடைய மகளுக்கு வயது பன்னிரண்டு. சேசுநாதர் சுவாமி அவளை மரணத்திலிருந்து எழுப்பினார். எல்லோரும் பிரமித்து நிற்க, ஆண்டவரோ அவளுக்கு ஆகாரம் கொடுக்கும்படி சொன்னதாக அர்ச். மாற்கு எழுதியிருக்கிறார். உயிரைத் தாமே கொடுத்தார். சோறு போடும் வேலையை வீட்டாரிடம் விட்டார்.

அந்த வயதையொட்டிப் பிள்ளைகளைப் பிடிக்கும் வியாதி ஒன்றுண்டு. ஆகாரத்தைக் குறைத்துக்கொண்டே போவார்கள். எலும்பும் தோலுமான பின்பும், உடம்பு பெருத்துவிடுமென்று அஞ்சுவார்கள். பெண்பிள்ளைகளே அதிகம், ஆண்பிள்ளைகளும் உண்டு. அனொரெக்சியா என்பார்கள் மருத்துவர்கள். இது பிடிவாதமன்று, பாவமுமன்று. உயிரையே வாங்கக்கூடிய நோய்.

இது புண்ணியமுமன்று. திருச்சபையின் ஒருசந்திக் கட்டளை 18 வயது முடிந்து 59 நிரம்பாதவர்களுக்கே. நோயாளிகளை அது கட்டாது. இளைத்துப்போன பிள்ளை தபசுகாலத்தைச் சொல்லித் தட்டைத் தள்ளினால், பக்தியென்று மெச்சாதேயுங்கள். சீயென்னா அர்ச். கத்தரீனம்மாள், மற்றவர்களைப்போல் உண்ணும் வரத்தைக் கேட்டு மன்றாடுவதாகக் கடிதமொன்றில் எழுதினாள். 1380-ல், 33-ம் வயதில், உரோமையில் மரித்தாள். அவளை அர்ச்சியசிஷ்டவளாக்கியது தேவசிநேகம், பட்டினியல்ல.

பசி புத்தியையும் மாற்றிவிடும். 1944-45-ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில், திடகாத்திரமான 36 வாலிபர்களுக்கு ஏறக்குறைய ஆறு மாதம் அரைவயிற்று ஆகாரம் கொடுத்துச் சோதித்தார்கள். ஓயாத சாப்பாட்டு நினைவும் சிடுசிடுப்பும் மனச்சோர்வும் அவர்களைப் பற்றிக்கொண்டன. வயிறார உண்ணத் தொடங்கியும் தெளியப் பல மாதங்கள் சென்றன. ஆகையால் பிள்ளையோடு வாதாடிப் பயனில்லை. ஆகாரமே முதல் மருந்து.

பெற்றோரே, எடை இறங்கிக்கொண்டே போனாலும், மாதவிலக்கு நின்றாலும், மயக்கம் வந்தாலும் தாமதியாமல் டாக்டரிடம் கொண்டுபோங்கள். கோவைப் பெரியாஸ்பத்திரியில் மனநல மருத்துவர்களும் உண்டு. வெகுநாள் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று அதிகம் ஊட்டுவதும் ஆபத்து. மருத்துவர் சொன்ன அளவிலேயே தொடங்குங்கள். பிறகு வேளை தவறாமல் பக்கத்தில் உட்காருங்கள். அழுதாலும் கோபித்தாலும், “இன்னும் ஒரு வாய், கண்ணு” என்று பொறுமையாய்ச் சொல்லுங்கள். குணமாக வருஷங்கள்கூடச் செல்லலாம், குணமானவர்கள் அநேகர்.

உறவினரே, கலியாண வீட்டில் கண்டவுடன் “பெருத்துட்டியே” என்றும் சொல்லவேண்டாம், “இளைச்சு அழகாயிட்டே” என்றும் சொல்லவேண்டாம்.

நோயுற்ற மகளே, மகனே, அச்சத்தோடு நீ விழுங்கும் ஒவ்வொரு கவளத்தையும் ஆண்டவர் அறிவார். யாயீர் மகளின் கையைப் பிடித்தவர் உன் கையையும் பிடித்திருக்கிறார். எழுந்திரு, சாப்பிடு.