சாரம் சரிந்தால் யார் பொறுப்பு?



உங்கள் வீட்டின் மேல்மாடிச் சுவருக்குப் பூச்சு வேலை நடக்கிறதென்று வைத்துக்கொள்வோம். காலையில் மேசன் வந்து, "ஐயா, சாரத்துப் பலகை ரெண்டு வெடிச்சுப் போச்சு. கயிறும் மழையிலை நனைஞ்சு இத்துப்போய்க் கிடக்கு. புதுசு வாங்கித் தாங்கோ" என்கிறார். நீங்கள் மனதுக்குள் கணக்குப் பார்க்கிறீர்கள். "இன்னும் ரெண்டு நாள் வேலைதானே, இருக்கிறதை வைச்சுச் சமாளியுங்கோ" என்கிறீர்கள். அவரும் பேசாமல் ஏறுகிறார். பிற்பகலில் பலகை முறிகிறது. மரணச் சடங்குக்கு நீங்களும் போகிறீர்கள். பூசை ஒப்புக்கொடுக்கிறீர்கள். "எல்லாம் கடவுளுடைய சித்தம்" என்று சொல்லி அவருடைய மனைவியைத் தேற்றுகிறீர்கள்.

இந்தச் சொல்லைச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டா? இதுவே இன்று நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி.

கட்டிட விபத்தைப் பற்றி ஆண்டவர் இயேசுவே பேசியிருக்கிறார். சீலோவாமில் கோபுரம் இடிந்து 18 பேர் மாண்ட செய்தியை லூக்காஸ் நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். மாண்டவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் அல்லர் என்று அவர் தெளிவாகச் சொன்னார். இறந்தவனின் தலையில் பழியைப் போடாமல், உயிரோடு இருப்பவர்களை மனந்திரும்பும்படி அழைத்தார். ஆகவே, ஒருவர் விழுந்ததும் அவருடைய விதியையோ பாவத்தையோ தேடுவது கிறிஸ்தவ வழி அன்று. நம்மையே நாம் சோதித்துப் பார்ப்பதுதான் கிறிஸ்தவ வழி.

எதைச் சோதிப்பது? அதற்கும் வேதாகமம் வழி காட்டுகிறது. உபாகம நூலின் 22ஆம் அதிகாரத்தில் புதுவீடு கட்டுவோருக்கு ஒரு சட்டம் உண்டு. தட்டையான கூரையைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்பவேண்டும். இல்லையேல், அங்கிருந்து விழுபவரின் இரத்தப்பழி அந்த வீட்டைச் சேரும் என்பது அதன் கருத்து. விழுந்தவர் கவனமாக நடந்தாரா என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. கட்டியவர் தடுப்பு வைத்தாரா என்றே கேட்கிறது. எந்த இடத்தில் ஒருவர் விழக்கூடும் என்பது முன்கூட்டியே தெரிகிறதோ, அங்கே தடுப்பு வைக்காதிருப்பது ஒரு குற்றம். அதை விதியின் கணக்கில் எழுதிவிட முடியாது.

"அவர் சம்மதித்துத்தானே ஏறினார்?" என்று சிலர் கேட்கலாம். 1891ஆம் ஆண்டு பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' என்னும் நிருபம் இதற்கு மறுமொழி தருகிறது. தேவையினாலோ அச்சத்தினாலோ தொழிலாளி கடினமான நிபந்தனைக்கு இணங்கினால், அவன் பலவந்தத்துக்கும் அநீதிக்கும் ஆளானவனே என்று அவர் போதித்தார். நாட்கூலியை நம்பி வீட்டில் அடுப்பெரிய வேண்டியவர், "ஏறமாட்டேன்" என்று சொன்னால் நாளைக்கு வேலை இல்லை. அவருடைய மௌனத்தைச் சம்மதம் என்று சொல்லலாமா?

"வேலையாட்களும் கவனயீனமானவர்கள்தானே? பட்டியைக் கொடுத்தாலும் கட்டுவதில்லை, சிலர் குடித்துவிட்டும் ஏறுகிறார்கள்" என்பது இன்னொரு முறைப்பாடு. இதில் உண்மை உண்டு. உயிர் இறைவன் தந்த கொடை. அதைக் காப்பது தொழிலாளியின் கடமையுமாகும். ஆனால் மனிதன் தவறக்கூடியவன் என்பது தெரிந்துதானே தடுப்பு வைக்கிறோம்? சான் பிரான்சிஸ்கோ நகரில் 1933 முதல் 1937 வரை கோல்டன் கேற் பாலம் கட்டப்பட்டபோது, அதன் கீழே பெரிய வலை விரிக்கப்பட்டது. விழுந்தவர் கவனமானவரா, கவனயீனரா என்று வலை பார்க்கவில்லை. 19 பேரைத் தாங்கிக் கொண்டது. ஆனால் 1937 பெப்ரவரி 17ஆம் திகதி ஒரு சாரமே பெயர்ந்து விழுந்து, வலையைக் கிழித்துக்கொண்டு போக, 10 பேர் மாண்டனர். வலை இருக்கிறதென்று சாரத்தைப் பாராமல் விடவும் முடியாது.

அவசரமும் கொல்லும். 1978 ஏப்ரல் 27ஆம் திகதி அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியாவில், வில்லோ ஐலண்ட் என்னுமிடத்தில் குளிர்விப்புக் கோபுரம் ஒன்றின் சாரம் சரிந்து 51 பேர் இறந்தனர். முதல்நாள் போட்ட கொங்கிறீற் போதிய அளவு இறுகுமுன், அதைப் பற்றியிருந்த சாரத்தின்மேல் மறுநாள் வேலை தொடங்கப்பட்டது.

புனித வின்சென்ற் பெரரைப் பற்றி ஒரு பழைய மரபுக்கதை உண்டு. புதுமை செய்யக்கூடாதென்று மடத்துத் தலைவர் அவருக்குக் கட்டளையிட்டிருந்தார். ஒருநாள் சாரத்திலிருந்து விழுந்த கொத்தனார் ஒருவரை, தாம் அனுமதி பெற்று வரும்வரை நடுவானில் நிற்கும்படி புனிதர் சொன்னாராம்; அவரும் அப்படியே நின்றாராம். நமக்கு அந்த வரம் இல்லை. நம்மிடம் உள்ளது ஒரு புதுக்கயிறு வாங்கும் பணம் மட்டுமே.

நம் நாட்டில் 1934ஆம் ஆண்டின் வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும், 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும் உண்டு. ஆனால் நட்டஈடு விபத்துக்குப் பின் வருவது. தகப்பனைத் திருப்பித் தராது. உத்தியோகத்தர் ஒவ்வொரு வளவுக்கும் வந்து பார்க்கவும் மாட்டார். அங்கே உங்கள் மனச்சாட்சிதான் காவல்.

வீடோ, கோவிலோ, பங்கு மண்டபமோ கட்டுகிறவர்கள் கொந்தராத்துப் பேசும்போதே சாரத்தின் செலவையும் சேர்த்துப் பேசுங்கள். சாரத்தின் கால்கள் உறுதியான நிலத்தில் நிற்கின்றனவா, சுவரோடு அது நன்றாகக் கட்டப்பட்டிருக்கிறதா, பலகைகள் வெடிப்பில்லாமல் உள்ளனவா, ஓரத்தில் பிடிகம்பு இருக்கிறதா, மின்கம்பி அருகில் போகிறதா என்று கேளுங்கள். மழைக்குப் பின் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். "பயமாய் இருக்கு" என்று ஒரு மேசனோ கையாளோ சொன்னால், அவருடைய கூலியை வெட்டாதீர்கள். வேலையை நிறுத்துங்கள்.

ஒவ்வொரு பூசையிலும் செய்த பாவங்களுக்காக மட்டுமன்றி, செய்யத் தவறிய கடமைகளுக்காகவும் நாம் மன்னிப்புக் கேட்கிறோம். வாங்கிக் கொடுக்காத கயிறும், மாற்றாத பலகையும் அந்தக் கணக்கில் அடங்கும்.

1955ஆம் ஆண்டு பாப்பரசர் 12ஆம் பத்திநாதர், மே முதலாம் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். சூசையப்பர் கைத்தொழில் செய்து திருக்குடும்பத்தைக் காத்தவர். மாலையில் அவர் நாசரேத்தூர் வீட்டுக்குத் திரும்பியபோது மரியன்னையும் பாலன் இயேசுவும் காத்திருந்தார்கள். உங்கள் வளவில் சாரத்தில் நிற்பவருக்கும் ஒரு வீடு இருக்கிறது, அங்கேயும் காத்திருக்கிறார்கள். காலையில் ஏறியவர் மாலையில் தன் காலால் நடந்து வீடு போய்ச் சேரவேண்டும். அதுவரை அவருடைய உயிர் உங்கள் கையில் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது.