எண்ணப்படாத அடி

பிறரை ஏமாற்றுபவனைக் கண்டால் சீறுகிறோம். தண்டனை எங்கே என்று கேட்கிறோம். தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்பவனை என்ன செய்வது? வாதியும் அவனே, பிரதிவாதியும் அவனே, தீர்ப்பெழுதும் நீதிபதியும் அவனே! இந்த விந்தை வழக்கு நாள்தோறும் நடைபெறும் இடமொன்று உண்டு. அதுதான் கோல்ஃப் ஆடும் புல்வெளி.

செல்வர் ஆட்டமாயிற்றே, நமக்கேன் அந்தக் கதை என்று தோழர்கள் கேட்கலாம். ஆட்டம் செல்வருடையதாயினும், அதில் வெளிப்படும் மனம் எல்லோருக்கும் பொது.

பதினெட்டுக் குழிகள். சிறு பந்தைக் கோலால் அடித்து ஒவ்வொன்றிலும் வீழ்த்த வேண்டும். குறைந்த அடிகளில் முடிப்பவனே வென்றவன். கால்பந்துக்கு ஊதலோடு நடுவர் உண்டு. பொழுதுபோக்காகக் கோல்ஃப் ஆடுவோர்க்கோ நடுவரே இல்லை. புதரில் விழுந்த பந்தை ஆடுபவனே தேடுகிறான், அவனே அடிக்கிறான், அவனே எண்ணுகிறான். விதியை மீறினால் தன்மீது தானே தண்ட அடி விதித்துக்கொள்ள வேண்டும் என்பதே அந்த ஆட்டத்தின் சட்டம்.

ஏழு அடித்தவன் ஐந்து என்று எழுதுகிறான். எனினும், பொய் எழுதுவதாக அவன் கருதுவதில்லை! முதல் அடி தவறிற்று. "கை இன்னும் பழகவில்லை, இதைச் சேர்க்க வேண்டாம்" என்று வேறு பந்தை வைக்கிறான். அந்தச் சலுகைக்கு 'மல்லிகன்' என்று பெயரே சூட்டிவிட்டனர். காணாமற்போன பந்துக்கு ஓர் அடி தண்டம் ஏற்று, முன்பு அடித்த இடத்துக்கே திரும்ப வேண்டும், "அவ்வளவு தூரம் யார் நடப்பது?" என்று நின்ற இடத்திலேயே இன்னொன்றைப் போடுகிறான். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம். காரணங்கள் பெருகப் பெருக அடிகள் குறைகின்றன!

நண்பர்கள் ஒப்பி, சிரித்து, விட்டுக்கொடுப்பது குற்றமா? இல்லை. அனைவரும் அறிந்து செய்யும் சலுகை விளையாட்டே. மாலையில் அதை மறந்து, "இன்று 90 அடிக்குள் முடித்தேன்" என்று மார்தட்டுவதே ஏமாற்று. பிறர் நம்பாவிடினும் அவன் நம்புகிறான்.

பரிசு இல்லை, பணம் இல்லை. பின் ஏன் இந்தப் பொய்? தான் வல்லவன் என்றொரு படத்தை அவன் மனத்தில் மாட்டி வைத்திருக்கிறான். உண்மை எண் அதைக் கிழித்துவிடும். ஆட்டத்தைத் திருத்த ஆண்டுகள் வேண்டும். எண்ணைத் திருத்தப் பென்சில் போதும்!

இழப்பு யாருக்கு? 2020 முதல் நாடுகள் பலவற்றில் வழங்கும் பொது முறையில், அண்மைய 20 ஆட்டங்களில் சிறந்த 8 கணக்குகளைக் கொண்டு ஒருவனின் தரத்தைக் கணிக்கின்றனர். தரம் தாழ்ந்தவனுக்குச் சலுகை அடிகள் மிகுதி. குறைத்து எழுதியவன் தேர்ந்தவனாகத் தோன்றுகிறான், சலுகையை இழக்கிறான், போட்டியில் தோற்கிறான். அதனினும் கொடிது, தன் குறை எங்கே என்பதையே அவன் அறியாதிருப்பது. அறியாத குறையை எவ்வாறு களைவான்?

1925இல் அமெரிக்க ஓப்பன் போட்டி, மாசசூசெட்ஸ் மாநிலத்து வொர்செஸ்டரில் நடைபெற்றது. பாபி ஜோன்ஸ் அடிக்க முனைந்தபோது, புல்லில் கிடந்த பந்து சற்றே அசைந்தது. வேறெவரும் அதைக் கண்டிலர். அவரோ தன்மீது ஓர் அடி தண்டம் விதித்துக்கொண்டார். முடிவில் அவரும் வில்லி மக்ஃபார்லேனும் 291 அடிகளில் சமநிலை. மறு ஆட்டத்தில் ஜோன்ஸ் தோற்றார். அந்த ஓர் அடி இல்லையேல் வெற்றி அவருடையது! அசைந்தது பந்து, அசையவில்லை நெஞ்சம்.

தோழர்களே! ஊராரின் பொய்களை எண்ணப் புறப்பட்டவர்கள் நாம். கூட்டத்துக்கு வந்தோர் நூறு எனில், ஐந்நூறு என்று எழுதியதில்லையா? பாதி படித்த நூலை முழுதும் படித்ததாகப் பேசியதில்லையா? மாணவர்க்கு மதிப்பெண் இடும் நானும் இக்கேள்விக்கு விலக்கல்லன். சென்ற வாரம் படிக்காத நூலொன்றைப் பற்றி நண்பரிடம் அளந்தேன். அந்த அடியை இன்று எண்ணிச் சேர்க்கிறேன். உங்கள் சீட்டையும் எடுத்துப் பாருங்கள்!