பாரணைக்கும் முறை உண்டு

மழை பெய்துவிட்டால் தண்ணீர்க் கட்டுப்பாட்டை எடுத்துவிட வேண்டியதுதானே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? செங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராம ஊராட்சியில் செயலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்தக் கேள்வியை நிறையப் பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கட்டுப்பாட்டைக் கரும்பலகையில் எழுதியவனும் நான், அழித்தவனும் நான். போடும்போது ஊரே ஒத்துக்கொண்டது. தண்ணீர் இல்லை என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது, யாரும் வாதம் செய்யவில்லை. எடுக்கும்போதுதான் ஆளுக்கொரு நியாயம் கிளம்பியது. எப்போது எடுப்பது, யாருக்கு முதலில் எடுப்பது என்ற இரண்டுக்கும் அலுவலகக் கோப்புகளில் எனக்கு விடை கிடைக்கவில்லை. ஏகாதசிதோறும் அம்மா சொல்லும் அம்பரீஷன் கதையில்தான் கிடைத்தது.

2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. தமிழ்நாட்டில் வழக்கமாகப் பெய்வதில் 62 சதவீதம் குறைந்துபோனது. 2017 ஜனவரி 10 அன்று, அப்போது முதலமைச்சராக இருந்த ஓ. பன்னீர்செல்வம் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்த மாவட்டங்களாக அறிவித்தார். அந்தக் கோடையில் எங்கள் பக்கம் செய்யாறு வெறும் மணல். ஆற்றங்கரை போர் விட்டு விட்டு ஊற்றியது. மேல்நிலைத் தொட்டி நிரம்ப ராத்திரி முழுக்க மோட்டார் ஓடியது. ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர், வீட்டுக்கு ஐந்து குடம், தெருக்குழாயில் டியூப் மாட்டக் கூடாது, மினி டேங்க் பக்கத்தில் மாடு கழுவக் கூடாது, வீட்டு இணைப்பில் மோட்டார் வைத்து உறிஞ்சினால் இணைப்பு துண்டிக்கப்படும் என்று எழுதிப்போட்டேன்.

ஆவணியில் மழை பிடித்தது. எங்களுக்கு மழை என்றால் ஜவ்வாது மலையில் பெய்ய வேண்டும். மலையில் ராத்திரி இடி இடித்தால் செய்யாற்றில் செம்மண் கலங்கலாகத் தண்ணீர் இறங்கும். வழியில் 700 மில்லியன் கன அடி கொள்ளும் குப்பநத்தம் அணை அதைப் பிடித்துவைக்கும். ஆற்றில் தண்ணீர் தெரிந்த வாரத்திலேயே மூன்று பேர் என்னிடம் வந்தார்கள். முதலில் ஒரு பாட்டி. "ஏம்பா, ஆத்துல தண்ணி போவுது, ஏரியில தண்ணி நிக்குது, இன்னும் எங்களுக்கு அஞ்சு கொடந்தானா?" அடுத்து வந்தவர் மாடி வீட்டுக்காரர். சம்ப் காலியாகக் கிடக்கிறது, இனிமேல் மோட்டார் போட்டுக்கொள்ளலாமா என்றார். கடைசியாகக் காலனியிலிருந்து ஒரு பெண். "அண்ணா, எங்க பைப்புல இன்னும் காத்துதான் வருது."

மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. வறட்சி எல்லோருக்கும் ஒரே நாளில் தொடங்குவதில்லை, ஒரே நாளில் முடிவதும் இல்லை. எங்கள் மாவட்டம் பாறைப் பூமி. மேல்மண்ணுக்குக் கீழே உதிர்ந்த பாறை, அதற்குக் கீழே வெடிப்பு விட்ட கெட்டிப் பாறை. மழை பெய்ததும் ஆறு உடனே தெரிந்துகொள்ளும். கொஞ்ச நாளில் கிணறு தெரிந்துகொள்ளும். ஆழ்துளைக் கிணற்றுக்குத் தண்ணீர் அந்த வெடிப்புகளின் வழியே இறங்கித்தான் போய்ச் சேர வேண்டும், அதற்கு மாதக் கணக்காகும். குழாயிலும் இதே கதைதான். தொட்டிக்குப் பக்கத்துத் தெருவில் தண்ணீர் பாய்ந்து வரும்போது, லைனின் கடைசியில் இருக்கும் காலனியில் குடத்தை வைத்துக்கொண்டு பெண்கள் காத்திருப்பார்கள். எங்கள் ஊரில் மட்டும் இப்படி இல்லை. காலனிக்குக் குழாய் கடைசியாகப் போனதற்குப் பள்ளம் மேடு மட்டும் காரணமில்லை என்பது இந்த ஜில்லாவில் பிறந்த எல்லோருக்கும் தெரியும்.

அம்பரீஷன் கதை பாகவதத்தின் ஒன்பதாம் ஸ்கந்தத்தில் வருகிறது. அம்மா அதைப் படித்ததில்லை. செங்கம் வேணுகோபால பார்த்தசாரதி கோவிலில் உபன்யாசத்தில் கேட்டது. ராஜா ஒரு வருஷம் விரதம் இருக்கிறான். முடிக்கும் நாளில், துவாதசிக் காலையில், துர்வாசர் விருந்தாளியாக வருகிறார். குளித்துவிட்டு வருகிறேன் என்று யமுனைக்குப் போனவர் திரும்பவில்லை. துவாதசி முடிய நாழிகை நெருங்குகிறது. அதற்குள் பாரணை செய்யாவிட்டால், அதாவது சாப்பிட்டு விரதத்தை முடிக்காவிட்டால், விரதம் கெடும். விருந்தாளி வருமுன் சாப்பிட்டால் அதைவிடப் பெரிய பாவம். பெரியவர்களைக் கூப்பிட்டுக் கேட்கிறான். தண்ணீர் மட்டும் அருந்து, அது சாப்பிட்டதாகவும் ஆகும், சாப்பிடாததாகவும் ஆகும் என்கிறார்கள். அவனும் தண்ணீரை மட்டும் அருந்திவிட்டு, விருந்தாளிக்காகக் காத்திருக்கிறான்.

சின்ன வயதில் இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது கோபம் கொண்ட துர்வாசரை விஷ்ணுவின் சக்கரம் துரத்துகிற இடம். வேலையில் சேர்ந்த பிறகு என்னைப் பிடித்துக்கொண்டது அந்த ஒரு வாய்த் தண்ணீர். கதை இரண்டு பக்கத்தையும் கண்டிக்கிறது. வேளை வந்த பின்னும் விரதத்தை நீட்டிக்காதே என்கிறது. வர வேண்டியவர் வராமல் இலையில் உட்காராதே என்றும் சொல்கிறது. இரண்டுக்கும் நடுவில் செய்யக்கூடியது ஒன்று உண்டு, அதைத் தேடிக் கண்டுபிடி என்கிறது. அவசரம், பயம், பசி எல்லாம் இருக்கும்போதும் அம்பரீஷன் நின்று கேட்டான் பாருங்கள், அதைத்தான் நான் பக்தி என்பேன்.

நீட்டிக்கக் கூடாது என்ற பாதியை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். கட்டுப்பாடு போடுகிறவனுக்கு அதில் ஒரு ருசி வந்துவிடும். வால்வு சாவி யார் கையில் இருக்கிறதோ அவரிடம் ஊரே நின்று பேசும். டேங்கர் விற்பவருக்கு வறட்சி இன்னும் கொஞ்ச நாள் இருந்தால் நல்லது. பலகையை அழிக்காமல் வைத்திருந்தால் அலுவலகத்துக்கும் கேள்வி குறையும். எங்களுக்குக் குழாய் வேலை பார்க்க வரும் பிட்டர் ஒரு பாய், ரம்ஜான் மாதத்தில் உமிழ்நீரைக்கூட விழுங்க யோசிக்கிறவர். நான் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்: "பாங்கு சொன்னதும் நோன்பு திறந்துடணும் சார். நேரம் வந்தப்புறமும் புடிச்சிக்கிட்டு இருந்தா அது நோன்பு இல்ல, வீம்பு." நோன்பு திறப்பதைத் தாமதிக்கக் கூடாது என்பது நபி வழி. ஒரு பேரீச்சம்பழம், ஒரு மடக்குத் தண்ணீர், அப்புறம்தான் கஞ்சி. அங்கேயும் முதலில் வருவது தண்ணீர்தான்.

இங்கே ஒரு மறுப்பு வரும். அது நியாயமான மறுப்பு. நோன்பு என்பது தானாக ஏற்பது. ஐந்து குடத்தில் ஆறு பேருக்குச் சமைத்துத் துவைத்துக் குழந்தையைக் குளிப்பாட்டிய பெண் எந்த விரதத்தையும் ஏற்கவில்லை. அவள் பட்டது பட்டினி. அவளைப் பார்த்து முறையோடு முடி, மெதுவாக எடுத்துக்கொள் என்று சொல்ல யாருக்கும் தகுதி இல்லை. பட்டினி கிடந்தவருக்குப் பாரணை விதி கிடையாது, சோறு போட வேண்டியதுதான். அந்தப் பாட்டிக்கு ஐந்து குடம் என்ற வரம்பு முதலில் போக வேண்டும், போனது.

பாரணை விதி யாருக்கு என்றால், சொந்த போர் உள்ளவர்களுக்கு. என்னையும் சேர்த்துத்தான். எங்கள் நிலத்தில் போர் இருக்கிறது, விவசாய இணைப்புக்கு மின்சாரம் இலவசம். அந்தக் கோடையில் பலகையில் எழுதிய எந்த வரியும் என் நிலத்தைக் கட்டுப்படுத்தவில்லை. நிலத்தடி நீரைக் கட்டுப்படுத்த 2003இல் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது, 2013இல் அதை ரத்து செய்துவிட்டார்கள். ஆக, வறட்சிக் காலத்தில் சட்டம் பிடித்துவைத்தது குடத்தை மட்டும். போர் வைத்திருப்பவன் கொஞ்சம் இறைத்தானா, நிறைய இறைத்தானா என்பது அவன் மனசாட்சிக்கு விட்ட விஷயம். மனசாட்சிக்கு விட்டது என்றால் அது தர்மத்தின் கணக்கில் வருகிறது, அங்கேதான் நோன்பும் பாரணையும் பொருந்தும்.

கோடை முழுக்க எங்கள் போரிலிருந்து காலனி மினி டேங்குக்கு ஒரு லைன் இழுத்துத் தண்ணீர் விட்டிருந்தோம். மழை வந்ததும் தம்பி, "அதான் மழ வந்துடுச்சே, லைனைக் கழட்டிடலாமாண்ணா, கரும்புக்குப் பத்தல" என்றான். "அவங்க பைப்புல வரட்டும்டா, அப்புறம் கழட்டலாம்" என்றேன். அவனுக்குக் கோபம்தான். மழை பொதுவாகத்தானே பெய்தது, நாம் மட்டும் எதற்கு இன்னும் கொடுக்க வேண்டும் என்று கேட்டான். மழை பொதுவாகப் பெய்தது உண்மை. அது போய்ச் சேர்ந்த இடங்கள் பொதுவாக இல்லை.

எங்கள் ஊருக்கு இந்த எண்ணம் புதிதல்ல. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் இந்தச் செய்யாற்றையும் நன்னன் என்ற தலைவனின் ஊரான செங்கண்மாவையும் பாடியது. செங்கண்மாவே இன்றைய செங்கம் என்கிறார்கள். மலைபடுகடாமுக்குக் கூத்தராற்றுப்படை என்ற இன்னொரு பெயரும் உண்டு. பரிசு பெற்றுத் திரும்புகிற கூத்தன், இன்னும் பெறாத கூத்தனை வழியில் பார்த்து, எங்கே போனால் கிடைக்கும் என்று சொல்கிறான். எந்த வழி, எங்கே ஆபத்து, எங்கே சாப்பாடு என்று விலாவாரியாகச் சொல்கிறான். தனக்குக் கிடைத்துவிட்டது என்பதால் அவன் வேலை முடிந்துபோகவில்லை. பெற்றவனுக்குப் பெறாதவன்மேல் கடமை உண்டு என்று நம் ஆற்றங்கரைக்கு ஒரு பெரும் புலவர் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

எடுக்கும் வரிசையை யோசிக்காதது எங்கள் ஊர் மட்டுமல்ல. சென்னை தண்ணீருக்குத் தவித்தபோது, 2019 ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து, ஜவ்வாது மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் சென்னைக்கு ரயிலில் போனது. மழை வந்த பிறகு அக்டோபரில் அந்த ரயிலை நிறுத்தினார்கள். நிறுத்தியது சரியே. ஆனால் தண்ணீர் ரயில் வந்ததைப் படம் பிடித்துப் போட்ட அளவுக்கு, ரயில் நின்ற பிறகு எந்தத் தெருவில் எப்போது குழாய் பழையபடி ஓடியது என்று யாரும் கணக்குக் கேட்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன் நகரம் 2018 பிப்ரவரியில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் என்று கட்டியது. மழை வந்ததும் அக்டோபரில் 70 ஆக்கினார்கள், டிசம்பரில் 105. படிப்படியாகத் தளர்த்தியது நல்ல முறை. அந்தப் படிகளில் யார் முதலில் ஏறுவது என்பதையும் சேர்த்து யோசித்தால்தான் அது தர்மம் ஆகும்.

நாங்கள் செய்தது இதுதான். ஒரு விடியற்காலையில் மற்றத் தெரு வால்வுகளை எல்லாம் மூடிவிட்டு, டேங்க் ஆபரேட்டர் காலனி வால்வுக் குழிக்குள் இறங்கினார். சாவியைப் போட்டுத் திருகத் திருக, முதலில் சீறிக்கொண்டு காற்று. அடுத்து துரு நிறத்தில் கொஞ்சம், அதை வாய்க்காலில் விட்டோம். அதன்பின் பிளீச்சிங் வாசனையோடு நல்ல தண்ணீர். கடைசி வீட்டுக் குழாயில் குடம் நிரம்பியது என்று ஆள் வந்து சொன்ன பிறகே மற்ற வால்வுகளைத் திறந்தோம். நாங்களும்தானே கஷ்டப்பட்டோம் என்று ஊர்த்தெருவில் ஒரு பெரியவர் சத்தம் போட்டார். ஆமாம் மாமா, உங்களுக்கும் உண்டு, பொழுது விடிவதற்குள் வந்துவிடும் என்றேன். வந்தது. குடக் கணக்கைப் பலகையிலிருந்து அழித்தோம். ஒருநாள் விட்டு ஒருநாள் என்பதைப் போர் சீராக ஊற்றத் தொடங்கிய பிறகு அழித்தோம். எங்கள் லைனைத் தம்பியே கழட்டினான், காலனிக் குழாய் தடையில்லாமல் வந்த பிறகு. வீட்டு இணைப்பில் மோட்டார் வைக்கக் கூடாது என்ற வரியை மட்டும் நான் ஓய்வு பெறும்வரை அழிக்கவில்லை.

அம்பரீஷன் கதைக்கு அம்மா சொல்லும் முடிவு இது. சக்கரத்துக்குப் பயந்து ஓடிய துர்வாசர் திரும்பிவர ஒரு வருஷம் ஆனது. அந்த ஒரு வருஷமும் ராஜா தண்ணீரை மட்டுமே குடித்துக் காத்திருந்து, அவர் வந்து சாப்பிட்ட பிறகுதான் சாப்பிட்டான். அவ்வளவு நம்மால் முடியாது. காலனிக் குழாயில் தண்ணீர் வரும்வரை கரும்புக்குக் காத்திருக்க முடியும்.

2022 முதல் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள், அதில் ஒன்று உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22. அன்றைக்கு எழுந்து நின்று ஒரு தீர்மானம் கேளுங்கள்: அடுத்த வறட்சியில் கட்டுப்பாடு போடும்போதே, அதை எடுக்கும் வரிசையையும் எழுதிவைக்க வேண்டும், அதில் முதல் பெயர் லைனின் கடைசிக் குழாயாக இருக்க வேண்டும். தண்ணீர் இருக்கும்போதே இதை எழுதிவிடுங்கள்.