வெறுங்காலும் யூஜி கேபிளும்

கோயில் நந்தவனத்துக்கு விளக்குக் கம்பம் போடும்போதெல்லாம் இந்தப் பேச்சு வந்துவிடும். "மண்ணுக்குள்ள போறதுதானேண்ணே, வீட்டுக்கு இழுக்குற எஃப்ஆர் வயரையே பைப்புல விட்டா ஆகாதா?" கேட்பவரைக் குறை சொல்ல மாட்டேன். உபயதாரர் தந்த காசை எண்ணி எண்ணிச் செலவழிக்கிறவர்.

ஆனால் ஆகாது. எஃப்ஆர் என்றால் தீ பரவாது, அவ்வளவுதான். தண்ணீருக்கு அது பொறுப்பேற்கவில்லை. புதைத்த பைப்பை எத்தனை ஒட்டினாலும் உள்ளே உலர்ந்து கிடக்காது. பகல் சூடும் இராக் குளிரும் மாறிமாறி, உள்ளிருக்கும் காற்றே வேர்த்துத் தேங்கும். ஒற்றைத் தோல் வயர் அதில் வருஷக் கணக்கில் ஊறும். அதனால் நான் கேட்பது 1.1 கேவி தரத்தில், எக்ஸ்எல்பிஇ காப்பும் மேலுறையும் உள்ள மூன்று கோர் யூஜி கேபிள், அதாவது மண்ணுக்கடியில் போடவென்றே செய்த கேபிள். எர்த் தனிக் கோராகவே கம்பம் வரை போகும். பைப்பு இல்லாமல் நேரே மண்ணில் என்றால் உலோகக் கவசமுள்ள ஆர்மர்டு கேபிள், இரண்டரை அடி ஆழம், மணல், மேலே செங்கல். டிபி பெட்டியில், மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி.

பள்ளத்தை மூடிய பிறகு இதையெல்லாம் பார்க்க யார் இருக்கிறார்கள்? 'சாமி பார்க்கிறார்' என்பார்கள். எனக்கு அது போதவில்லை. மேஸ்திரிக்குப் பயந்து செய்கிற வேலைக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

பெரியபுராணத்துப் பூசலாரைத்தான் நினைத்துக்கொள்வேன். திருநின்றவூர்க்காரர். பொருள் சேராததால் மனசுக்குள்ளேயே கோயில் கட்டினவர். காஞ்சியில் கற்றளி எழுப்பிய அரசர் காடவர்கோன் கனவில் சிவன் வந்து, 'பூசலார் கோயிலுக்குப் போகவேண்டும், உன் குடமுழுக்கு நாளைத் தள்ளிவை' என்று சொன்ன இடத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது அதற்கு முந்தின பகுதி. கல்லும் மரமும் தச்சரும் மனசிலேயே தேடிச் சேர்த்தார், நாள் பார்த்துத் தொடங்கினார், இராத்தூக்கம் விட்டார், சுதைப் பூச்சு, கிணறு, குளம், மதில் என்று ஒன்றையும் விடவில்லை. மனக்கோயிலில் மட்டமான கல்லைப் போட்டால் கேட்பதற்கு ஆள் ஏது? கனவு ஒன்று வரப்போகிறது என்பதும் அவருக்குத் தெரியாது. உள்ளே வந்து அமரப்போகிறவர்மேல் இருந்த பிரியமே அத்தனையையும் செய்ய வைத்தது.

நான் போடும் விளக்கடிக்கு வரப்போகிறவர்கள் யார்? செருப்பை வாசலில் விட்டு வருகிறவர்கள். மழையோ அபிஷேகத் தண்ணீரோ நனைத்த தரையில் வெறுங்காலோடு நடப்பார்கள். பிரதோஷக் கூட்டத்தில் ஒரு குழந்தை கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கேபிள் காப்பு கெட்டு, எர்த்தும் சரியில்லை என்றால், மின்சாரம் கம்பத்தில் ஏறி அந்தக் கால் வழியாக மண்ணில் இறங்கும். செருப்பைக் கழற்றச் சொன்னவர்கள் நாம். சொன்ன இடத்திலேயே மட்டக் கேபிள் போடுவது பாவம். எனக்கு வேறு சொல் தெரியவில்லை.

ஆகவே காசு போதாவிட்டால் கம்பத்தைக் குறைக்கச் சொல்வேன். எட்டுக்குப் பதில் ஆறு போதும். மீதி இரண்டுக்குக் காலிப் பைப்பை மட்டும் இப்போதே புதைத்து, வாயை அடைத்து வைத்தால், அடுத்த உபயதாரர் வரும்போது கேபிள் இழுத்துக்கொள்ளலாம்.